வெட்டியது நெஞ்சில், தொண்டை ஏன் நோகிறது?

"டொக்டர், அப்பாக்கு வெட்டினது நெஞ்சிலதானே. தொண்டை நோகுது எண்டு ஏன் சொல்றார்?"

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியிலிருந்து வந்திருந்த மகள் கேட்டார். அப்போது நான் கொழும்பில் இதய சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் குழுவில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் நின்று கதைத்தேன். அன்று அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நள்ளிரவில் கையெழுத்து வைக்கும் குடும்பத்துக்கு உள்ளே என்ன நடக்கப்போகிறது என்று ஆறுதலாகச் சொல்ல யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

அவருடைய அப்பாவுக்கு வந்தது பெருநாடிக் கிழிவு. பள்ளிக்கூடத்தில் தொகுதிப் பெருநாடி என்று படித்திருப்பீர்கள். இதயத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோகும் அந்தக் குழாயின் சுவர் மூன்று படைகளால் ஆனது. உன்னிச்சைக் குளத்து வாய்க்காலுக்குச் சீமெந்து பூசியிருக்க, பூச்சில் ஒரு வெடிப்பு விழுந்தால் தண்ணீர் பூச்சுக்கும் மண்ணுக்கும் நடுவே புகுந்து ஓடும் அல்லவா, அதுதான் இங்கும் நடக்கிறது. உள்படை கிழிந்து, இரத்தம் சுவருக்குள்ளேயே இன்னொரு பாதை போட்டுக்கொள்கிறது. அதைப் பொய்ப் பாதை என்போம். கிழிவு இதயத்தை ஒட்டிய பகுதியில் இருந்து, சத்திரசிகிச்சை செய்யாமல் விட்டால், முதல் 2 நாட்களில் ஒவ்வொரு மணித்தியாலமும் நூற்றுக்கு 1 முதல் 2 பேர் இறப்பார்கள் என்பது வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

வயலில் நின்றபோது அவருக்கு முதுகு கிழிகிற மாதிரி நோவு வந்திருக்கிறது. வாய்வு என்று நினைத்து இஞ்சி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். மாரடைப்பு நோவு பெரும்பாலும் மெல்ல ஏறும். இந்த நோவோ வந்த நிமிடத்திலேயே உச்சத்தில் இருக்கும். இரண்டையும் பிரித்தறிவது உயிர்ப் பிரச்சினை. மாரடைப்பு என்று நினைத்து இரத்தக்கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால் கிழிந்த சுவரிலிருந்து கசியும் இரத்தம் நிற்காது. அவர் விஷயத்தில் சிடி ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்தி, இரத்த அழுத்தத்தை மேல் எண் 120க்குக் கீழே பிடித்து வைத்து, 300 கிலோமீட்டருக்கு மேல் அம்புலன்ஸில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அனுப்பியவர்களின் கவனம்தான் அவரை மேசை வரை உயிரோடு கொண்டுவந்தது.

சரி, தொண்டைக்கு வருவோம். நோயாளி முழுதாக மயங்கியபின், சின்ன விரல் பருமனான ஒரு கருவியை வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் விடுவோம். விழித்திருக்கும்போது விட்டால் ஓங்காளித்து, அழுத்தம் ஏறி, பெருநாடி வெடித்துவிடக்கூடும். உணவுக்குழாய், இதயத்தின் மேலறைகளில் ஒன்றான இடது சோணையறையின் முதுகோடு ஒட்டிப் போகிறது. அங்கிருந்து கழியொலி (அல்ட்ராசவுண்ட்) அலைகளை அனுப்பினால் விலா எலும்பும் நுரையீரலும் மறைக்காமல் இதயம் துடிப்பது திரையில் தெளிவாகத் தெரியும். எக்கோ என்று சொல்வார்களே, அதில் இதுவும் ஒரு வகை. நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை நிபுணர் வேலை செய்யும்போதும் அவருடைய கைக்கு இடைஞ்சல் இல்லை.

முதலில் பார்ப்பது இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியிருக்கிறதா என்பதை. 1760இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜோர்ஜ் இறந்தது இப்படித்தான். இரத்தம் இதயத்தின் உறைக்குள் தேங்கி இதயத்தை நெரித்திருந்ததை அவருடைய வைத்தியர் உடலைத் திறந்துதான் கண்டார். நமக்கு அது சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. அப்புறம், பெருநாடி தொடங்கும் இடத்திலுள்ள வால்வு. கசிகிறதா, ஏன் கசிகிறது, தூக்கித் தைத்தால் போதுமா, மாற்றவேண்டுமா என்பதில் நிபுணர் எங்கள் படத்தையும் வைத்துத்தான் முடிவெடுப்பார்.

அன்று இரவு மறக்க முடியாதது, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய–நுரையீரல் இயந்திரத்தை ஓடவிட்ட நேரம். இயந்திரம் இரத்தத்தைத் திருப்பி அனுப்பும் குழாயைத் தொடை நாடியில் போட்டிருந்தார்கள். கையில் அளந்த அழுத்தம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் திரையில், கீழிறங்கும் பெருநாடியின் உண்மையான பாதை கண்முன்னே சுருங்கிக் கோடாகிக்கொண்டு வந்தது. இரத்தம் பொய்ப் பாதைக்குள் போகிறது என்று அர்த்தம். அப்படியே ஓடினால் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் முள்ளந்தண்டுக்கும் இரத்தம் இல்லாமல் போகும். சத்தம்போட்டுச் சொன்னேன். குழாயைத் தோள் பக்க நாடிக்கு மாற்றினார்கள். உண்மையான பாதை மறுபடி விரிவதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்தக் கண்ணுக்கும் ஒரு குருட்டிடம் உண்டு. பெருநாடி மேலே போய் வளையத் தொடங்கும் இடத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே மூச்சுக்குழாய் குறுக்கே வருகிறது. காற்றைத் தாண்டிக் கழியொலி போகாது. கல்லடிப் பாலத்தடியில் மீன்பாடுவதைக் கேட்கத் தோணிக்காரர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பதை நினைத்துப் பாருங்கள். அதுபோலக் கழியொலிக்கும் இடையில் காற்றில்லாத வழி வேண்டும். அந்தப் பகுதியைப் பார்க்கக் கிருமி நீக்கிய உறைபோட்ட கருவியைப் பெருநாடியின் மேலேயே வைப்பதும் உண்டு.

எல்லாம் தைத்து முடித்தபின் மறுபடியும் வால்வையும், உள்ளே காற்றுக் குமிழி நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தை நிறுத்துவோம். அந்த மணித்தியாலங்கள் முழுவதும் கருவி தொண்டையில் இருந்தது, மூச்சுக் கொடுக்கப் போட்ட குழாயும் இருந்தது. அதனால் வந்த நோவு அது. பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே மாறிவிடும்.

உணவுக்குழாயில் காயம் படுவது அரிது. பட்டால் பெரிய ஆபத்து. ஆகவே மயக்க மருந்து வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: சாப்பாடு தொண்டையில் சிக்குமா, ஈரல் நோயால் இரத்தமாக வாந்தி எடுத்ததுண்டா, வயிற்றிலோ உணவுக்குழாயிலோ முன்பு சத்திரசிகிச்சை நடந்ததா, ஆடும் பல்லோ கட்டுப்பல்லோ உண்டா. நம் பக்கத்தில் இன்னொன்றும் முக்கியம். நெடுங்காலம் வெற்றிலை பாக்குப் போட்டவர்கள் சிலருக்குக் கன்னம் இறுகி வாய் இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்காது. மயங்கவைத்தபிறகு அதைக் கண்டுபிடிப்பது எங்களுக்குப் பயங்கரமான நிமிடம். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். திடீரென்று கிழிகிற மாதிரி நோவு வந்தால் ஓட்டோ தேடி அலையாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

அந்த மகளிடம், பிறஷர் குளிசையை அப்பா எப்போது விட்டார் என்று கேட்டேன். "நல்லாத்தானே இரிக்கன் எண்டு ஒரு வருசமாப் போடல்ல," என்றார். இந்த நோய் சில குடும்பங்களில் தொடர்வதுண்டு என்பதால், பிள்ளைகளும் அப்பாவின் சகோதரர்களும் நெஞ்சுக்கு மேலால் எடுக்கும் சாதாரண எக்கோ ஒன்று எடுத்துப் பார்க்கச் சொன்னேன். சில மாதங்கள் கழித்துச் செய்தி வந்தது. சித்தப்பாவின் பெருநாடி 4 சென்டிமீட்டரைத் தாண்டி விரிந்திருந்ததாம். அவருக்கு நோவு எதுவும் இல்லை. இப்போது குளிசை போடுகிறார், வருடா வருடம் எக்கோவுக்குப் போகிறார்.