அணியின் பெயர் தெரிந்தால் மட்டும் மதிப்பெண் வராது

அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும், கல்லூரித் தரத்திலான ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) ஆங்கிலத் தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது அணிகளின் பட்டியல். உவமை, உருவகம், முரண் என்று ஐம்பது பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். உழைப்பு வீணாவது இங்கேதான். மொழித் தேர்விலும் இலக்கியத் தேர்விலும் ஒரு கட்டுரைக்கு 6 மதிப்பெண். மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, சிந்தனை ஆழத்துக்கு 1. அணியின் பெயரைச் சொன்னதற்கென்று எதுவும் இல்லை.

1863-இல், உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க்கில் அமெரிக்க அதிபர் லிங்கன் பேசியதைப் பாருங்கள். 'ஆஃப் தி பீப்பிள், பை தி பீப்பிள், ஃபார் தி பீப்பிள்', அதாவது மக்களுடைய, மக்களால், மக்களுக்காக நடக்கும் ஆட்சி. "சொல் திரும்ப வருவதால் கேட்பவர் மனத்தில் பதிகிறது" என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். இதை எந்தப் பேச்சுக்கும் எழுதலாமே! முன்னால் நிற்கும் சின்னச் சொல் மூன்று முறை மாறுகிறது, 'மக்கள்' அசையாமல் நிற்கிறது. தொடர்ந்து வரும் வினை 'பெரிஷ்', அதாவது அழிதல். போரில் மாண்டவர்களின் கல்லறைத் திடலில் நின்றுகொண்டு, இந்த ஆட்சி அழியக் கூடாது என்கிறார். மாண்டவர்கள் தங்கள் கடமையை முடித்துவிட்டார்கள், மிச்சம் எதிரே நிற்பவர்களுடையது. சொல், இடம், கேட்பவர் மூன்றையும் இப்படி முடிச்சுப் போட்டால் அது விளக்கம். மேற்கோள் ஒரு வரி என்றால் விளக்கம் மூன்று வரியாவது வேண்டும்.

கவிதையை அடி அடியாகப் படிக்காமல் வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். ஆங்கிலக் கவிதையில் வாக்கியம் பல நேரம் அடுத்த அடிக்குள் வழிந்து ஓடும். முற்றுப்புள்ளி எங்கே விழுகிறது என்று முதலில் தேடுங்கள். அடுத்து, பேச்சு திரும்பும் இடம். 'ஆனால்' என்று பொருள்படும் 'பட்', 'யெட்' போன்ற சொற்கள் காட்டிக்கொடுக்கும். சானெட் என்ற 14 அடிக் கவிதை வடிவத்தில் பெரும்பாலும் 9-ஆம் அடியிலோ கடைசி இரண்டு அடியிலோ திருப்பம் வரும். அதற்கு முன் என்ன மனநிலை, பின் என்ன மனநிலை என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால் மையக் கருத்து பாதி தயார். தமிழில் மோனை படித்த பிள்ளைகள் ஆங்கில மோனையை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், பாவம், அதிலேயே நின்றும் விடுவார்கள்.

ஒரு கட்டுரைக்குச் சுமார் 40 நிமிடம். படிக்கவும் திட்டமிடவும் 10, எழுத 25, திருத்த 5. முன்னுரையில் உலக வரலாறு எழுதி 10 நிமிடம் தொலைப்பவர்கள் நிறைய. இரண்டு மூன்று வாக்கியம் போதும். மொழித் தேர்வில், கொடுக்கப்பட்ட ஆதாரங்களைத் தொகுத்து எழுதும் கேள்வியில் குறைந்தது 3 ஆதாரம் வேண்டும். ஒவ்வொன்றையும் சுருக்கிச் சொல்வதை விட்டு, உங்கள் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்துங்கள்.

பயிற்சிக்குத் தினமும் முழுக் கட்டுரை வேண்டாம், ஒரு பத்தி போதும். எழுதியபின் அதிலுள்ள அணிப் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பத்தி இன்னும் ஏதாவது சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் அதே பத்தியை மறுபடி எழுதுங்கள்.