இடுப்பெலும்பின் சாய்வை அல்ட்ராசவுண்டால் அளத்தல்

"உங்கள் இடுப்பு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, முதுகுவலிக்கு அதுதான் காரணம்" என்று உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கலங்கிப்போய் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தைத் தவிர அவர்களிடம் வேறு சான்று இருப்பதில்லை.

இடுப்பெலும்பின் முன்புறத்தில், வயிற்றுக்குக் கீழே இருபுறமும் விரலுக்குத் தட்டுப்படும் இரண்டு எலும்பு முனைகளும், அடிவயிற்றின் கீழ் எல்லையில் இரு பக்க எலும்புகளும் வந்து சேரும் இடமும் ஒரு தளத்தை அமைக்கின்றன. நிற்கும்போது அந்தத் தளம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே சாய்வின் அளவு. தொட்டுப் பார்த்து அளக்கும்போது எலும்புக்கு மேலுள்ள கொழுப்பு குறுக்கே நிற்கிறது. மேல்முனைக்கும் கீழ்ப்புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கீழே கொழுப்பு 1 செ.மீ. கூடுதலாக இருந்தாலே கணக்கில் சுமார் 6 டிகிரி பிழை வந்துவிடும். உடல் பருமனானவர்களிடம் இது இன்னும் கூடும்.

அல்ட்ராசவுண்டில் இந்தத் தடை பெருமளவு விலகுகிறது. எலும்பின் மேற்பரப்பு ஒலியலைகளை வலுவாகத் திருப்பி அனுப்புவதால், திரையில் அது பளிச்சென்ற வெள்ளைக் கோடாகவும் அதற்குப் பின்னால் கரிய நிழலாகவும் தெரியும். தோலிலிருந்து அந்தக் கோட்டின் ஆழத்தைத் திரையிலேயே அளந்து, தோலில் வைத்துப் பிடிக்கும் கருவியான ப்ரோப் இருக்கும் இடத்தையும் திசையையும் கேமராவால் பின்தொடர்ந்து, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எலும்புப் புள்ளியின் உண்மையான இடம் கிடைத்துவிடும். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. படுத்த நிலை, நின்ற நிலை, உட்கார்ந்த நிலை என்று எத்தனை முறை வேண்டுமானாலும் அளக்கலாம்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் இதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. தொடையெலும்பின் தலை பொருந்துவதற்காக இடுப்பெலும்பில் வைக்கும் செயற்கைக் கிண்ணம் முன்னோக்கி 15 டிகிரி திரும்பியிருக்க வேண்டும், அதிலிருந்து 10 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று 1978இல் லூவினெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த எல்லை, மேலே சொன்ன அதே தளத்தை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. இடுப்பெலும்பு 1 டிகிரி சாய்ந்தால் கிண்ணத்தின் இந்தக் கோணம் ஏறத்தாழ 0.7 டிகிரி மாறுகிறது. அறுவை மேசையில் படுத்திருக்கையில் சரியாகத் தெரியும் கிண்ணம், நோயாளி எழுந்து நிற்கும்போது வேறு கோணத்தில் இருக்கலாம். கோணம் மிகவும் தவறினால் மூட்டு நழுவும் அபாயம் உண்டு.

ஆனால் சாய்வு என்பது நோயல்ல. எந்த வலியும் இல்லாதவர்களை அளந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களில் 85 சதவீதத்தினருக்கும் பெண்களில் 75 சதவீதத்தினருக்கும் இடுப்பு முன்சாய்வாகவே இருந்தது. இதைக் கேட்டதும் பலருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது.

அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றையும் காட்டிவிடாது. எலும்பைத் தாண்டி ஒலியலை செல்லாததால், முதுகுத்தண்டின் அடியில் இடுப்பெலும்புகளுக்கு நடுவே உள்ள திரிகம் என்ற எலும்பின் மேல்தட்டுச் சாய்வை அதில் பார்க்க முடியாது. முதுகுத்தண்டு வளைவுக்கு அறுவை சிகிச்சை திட்டமிடும்போது அந்த அளவு தேவைப்படுவதால், மருத்துவர் எக்ஸ்ரே கேட்டால் தயவுசெய்து மறுக்காதீர்கள்.