ஞானப்பல் முளைத்துவிட்டால் 18 வயது என்று யார் சொன்னது?

"ஞானப்பல் வந்துடுச்சு டாக்டர். 18 ஆயிடுச்சுன்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் எழுதிக் கொடுங்க." கையில் ஏதோ ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்த ஓ.பி.ஜி. படம், அதாவது இரு தாடைகளும் எல்லாப் பற்களும் தெரியும் எக்ஸ்ரே. பக்கத்தில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை. கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்றாம்! இப்படி வருகிறவர்கள் குறைந்தபாடில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் ஞானப்பல் என்று காட்டியது இரண்டாவது கடைவாய்ப்பல். 12 வயதையொட்டி முளைப்பது. படத்தில் அதன் வேர்நுனி இன்னும் மூடவில்லை; அந்தப் பல்லே வளர்ந்து முடியவில்லை என்று அர்த்தம். நிஜமான ஞானப்பல், வேரே பிடிக்காமல், தாடை எலும்புக்குள் மேற்பகுதி மட்டும் உருவாகிக் கிடந்தது. 18 என்று எழுத வழியே இல்லை. சான்று தரவில்லை; குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொன்னேன்.

சரி, ஞானப்பல்லே முளைத்திருந்தால்? அப்போதும் 18 என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் 17 முதல் 21-க்குள் வரும். சிலருக்கு முன்கூட்டியே எட்டிப் பார்க்கும், சிலருக்கு எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், சிலருக்கு அந்தப் பல்லே உருவாகாது. முப்பது வயதில் ஞானப்பல் இல்லாதவரை மைனர் என்போமா? சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல வாயைத் திறந்து எண்ணி வயது சொல்கிற வேலை இல்லை இது.

பல் முளைப்பதைப் பல விஷயங்கள் முன்பின் ஆக்கிவிடும். பால்பல்லைச் சொத்தையென்று சீக்கிரம் பிடுங்கியிருந்தாலே கணக்கு மாறும். அதனால்தான் நாங்கள் எலும்புக்குள் பல் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று பார்க்கிறோம். 1973-இல் டெமிர்ஜியன் என்ற ஆய்வாளரின் குழு வகுத்த முறையில் கீழ்த்தாடையின் இடப்பக்க ஏழு பற்களின் வளர்ச்சிக்கு எட்டுப் படிநிலைகள் உண்டு; அவற்றை வைத்து வயதைக் கணிப்பார்கள். அது கனடாவின் பிரெஞ்சு வம்சாவளிக் குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு. நம் பிள்ளைகளுக்கு அப்படியே போட்டால் பல நேரம் வயதைக் கூட்டிக் காட்டும். 16 வயதுவாக்கில் அந்த ஏழும் வளர்ந்து முடிந்துவிடும். பிறகு மிஞ்சுவது ஞானப்பல் மட்டும். சட்டம் கோடு போடுகிற 18 வயதில்தான் பல் சாட்சி மிகவும் பலவீனமாக இருக்கிறது.

இது நீதிமன்றத்துக்கும் தெரியும். மருத்துவ முறையில் கணிக்கும் வயது இருபுறமும் இரண்டு ஆண்டுவரை மாறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே, ஜெய மாலா வழக்கில், சொல்லிவிட்டது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவும் முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை என்கிறது. அதுவும் குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ உத்தரவிட்ட பிறகு. மாமா கூட்டி வந்தார், சித்தப்பா கூட்டி வந்தார் என்பதற்காக அல்ல.

சக மருத்துவர்களே, அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். இத்தனை முதல் இத்தனை வரை என்று எழுதுங்கள். எலும்பு வளர்ச்சி, உடல் வளர்ச்சி இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பல்லை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஒரு வரியில் ஒரு குழந்தையின் படிப்பு நின்றுபோகலாம், அதற்குக் கிடைக்க வேண்டிய சட்டப் பாதுகாப்பும் பறிபோகலாம்.

பெற்றோரே, பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் வாய்க்கு வந்த ஒரு ஜூன் மாதத் தேதியைச் சொல்லிவிட்டு, பிற்பாடு அதைத் திருத்த எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வராதீர்கள். பிறந்த தேதியை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது. தேவையில்லாமல் பிள்ளைக்குக் கதிர்வீச்சுதான் மிச்சம். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமே கிடையாது. விட்டுப்போய் ஓராண்டு தாண்டிவிட்டதா? கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பிரசவம் பார்த்த மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். அலைச்சல்தான், தயவுசெய்து அலைந்து வாங்கிவிடுங்கள்.