பெடல் பொய் சொல்கிறதா?

“பழைய பெட்ரோல் காரை மின்சாரக் காராக மாற்றி எட்டு மாதம் ஆகிறது. சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு வெட்டு வெட்டுகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. கோளாறு மோட்டாரிலா, பேட்டரியிலா, கன்ட்ரோலரிலா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அவர் பட்டியலில் விட்டுப்போன நாலாவது ஆசாமி மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆக்சிலரேட்டர் பெடலுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்து, பெடல் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சென்சார்.

பெட்ரோல் காரில் பெடல் ஒரு கேபிளை இழுக்கும், கேபிள் ஒரு தகட்டைத் திறக்கும், காற்று உள்ளே போகும். காற்று நிரம்பக் கொஞ்சம் நேரம் ஆகும். கனமான ஃபிளைவீல் வேறு சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் ஓட்டுபவருக்குத் தெரியாமலே கரைந்துபோகும். மின்மோட்டாருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலருக்கு, பெடலிலிருந்து வரும் வோல்ட் மாறினால் சில மில்லி வினாடிகளில் முறுக்குவிசையும் மாறிவிடும். சிக்னல் கண்ணிமைக்கும் நேரம் அறுந்தால்கூட கழுத்து முன்னும் பின்னும் ஆடும்.

மாற்றப்பட்ட கார்களில், அதுவும் பழைய பாணி டிசி கன்ட்ரோலர் போட்டவற்றில், பெடலின் நிலையைச் சொல்லும் வேலையைப் பெரும்பாலும் ‘பாட் பாக்ஸ்’ என்ற சின்னப் பெட்டிதான் செய்கிறது. பழைய ஆக்சிலரேட்டர் கேபிளை அதன் நெம்புகோலில் மாட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பது 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (சுருக்கமாக ‘பாட்’), திருகினால் மின்தடை மாறும் கருவி, ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிறோமே, அதே வகை. கரிப் பூச்சுப் பூசிய ஒரு பாதை, அதன்மேல் தேய்த்துக்கொண்டு நகரும் ஓர் உலோகத் தொடுமுனை. அவ்வளவுதான்.

தேய்த்துக்கொண்டு நகர்வது எதுவும் தேயும். ஆனால் பாதை முழுக்க ஒரே சீராகத் தேயாது. ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி நம் கால் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, பெடலின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில். அங்கே சாலையின் அதிர்வு காலையும் பெடலையும் சதா நடுங்கவைக்க, தொடுமுனை அந்த ஒரு சின்ன இடத்தை மட்டும் பல்லாயிரம் தடவை சுரண்டுகிறது. வாசகரின் கார் ‘சீரான வேகத்தில்’ மட்டும் வெட்டுவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு நண்பரின் காரில் இதைக் கண்ணால் பார்த்தேன். டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்துப் பெடலை மெதுவாக அழுத்தினோம். எண்கள் ஒழுங்காக ஏறின, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அது வினாடிக்கு இரண்டு மூன்று முறைதானே எண்ணை மாற்றுகிறது, இடையில் நடப்பதை எங்கே காட்டப்போகிறது? முள் வைத்த பழைய மீட்டரைத் தேடி எடுத்து மாட்டினோம். மூன்றில் ஒரு பங்கு தாண்டும் இடத்தில் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு மறுபடி ஏறியது. பத்து முறை அழுத்தினால் ஏழு முறை, அதே இடத்தில். பிரித்துப் பார்த்தால் அங்கே ஒரு சின்னப் பள்ளம், அதன் இரு கரையிலும் கறுப்புத் தூள்.

இரண்டு பரப்புகள் தொட்டுக்கொள்வதாக நாம் நினைக்கும்போது, உண்மையில் சில நுண்ணிய மேடுகள்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியேதான் போயாக வேண்டும். மின் தொடுமுனைகளைப் பற்றிய நவீன அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ராக்னர் ஹோல்ம் இந்தப் புள்ளிகளை ஆராய்வதிலேயே பல ஆண்டுகள் செலவிட்டார். இன்று புதிய பேட்டரி வேதியியல் என்றால் பணம் கொட்டுகிறது, தேய்மானத்தையும் தொடுமுனையையும் ஆராய்கிறேன் என்று போய் நின்றால் கொட்டாவிதான் பதில் என்பது என் நீண்டநாள் மனக்குறை. வண்டி நடுரோட்டில் நிற்பது என்னவோ பெரும்பாலும் இப்படிப்பட்ட அற்ப இடங்களால்தான். கிளீனர் ஸ்பிரே அடித்தால் சரியாகிவிடும் என்பவர்கள் உண்டு. ஒரு வாரம் சரியாகும். தூள்தான் போகும், பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

புதிய பாட் வாங்குவதற்கு முன் அதை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது முக்கியம். இரண்டு ஒயர் முறையில் கன்ட்ரோலர் நேரடியாக மின்தடையை அளக்கிறது. பூஜ்யம் என்றால் நிற்கணும், 5 கிலோ ஓம் என்றால் முழு வேகம். பாதி மிதித்தால் 2,500 ஓம். தொடுமுனையில் தூசியால் 1,000 ஓம் கூடினால் 3,500. நீங்கள் 50 சதவீதம் மிதிக்க, கன்ட்ரோலருக்கு 70 சதவீதம் என்று கேட்கிறது. ஒயர் அறுந்தால் மின்தடை முடிவிலி, அதாவது முழு வேகத்துக்கும் மேலே. நல்ல கன்ட்ரோலர் இதைக் கோளாறு என்று புரிந்துகொண்டு மின்சாரத்தை நிறுத்தும். மோசமான கன்ட்ரோலர் நம்பிவிடும்.

மூன்று ஒயர் முறையில் அதே பாட்டின் ஒரு முனைக்கு 5 வோல்ட், மறுமுனைக்கு கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட் இணைப்பு. தொடுமுனை நடுவிலிருந்து வோல்ட்டை மட்டும் எடுத்துச் சொல்கிறது. அந்த ஒயரில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்தடை இருந்தும் என்ன செய்துவிடும்? கன்ட்ரோலருக்குள் சிக்னல் நுழையும் வாசலில் 100 கிலோ ஓம் மின்தடை இருந்தால், அதே 1,000 ஓம் தூசி ஏற்படுத்தும் பிழை சுமார் 1 சதவீதம்தான். அந்த 100 கிலோ ஓமை கிரவுண்டுக்கு இணைத்துவிட்டால், தொடுமுனை பாதையை விட்டு முழுதாக எழும்பினாலும் சிக்னல் பூஜ்யத்துக்கு விழும். கார் சீறாமல் சோர்ந்துபோகும். பாட் பழசானாலும் பரவாயில்லை, இணைப்பை மாற்றினாலே பாதி நோய் போய்விடும்.

மீதி நோயில் ஒரு பங்கு கிரவுண்டில் இருக்கும். துருப்பிடித்த ஒரு கிரவுண்ட் இணைப்பில் 20 மில்லி ஓம் என்று வையுங்கள். பிரேக்குக்கான வேக்யூம் பம்ப் 15 ஆம்பியரை அதன் வழியே அனுப்பினால் 0.3 வோல்ட் எழும்பும். சென்சாரும் அதே இணைப்பில் கிரவுண்ட் ஆகியிருந்தால், பிரேக்கை மிதிக்க பம்ப் ஓட, கன்ட்ரோலரோ ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததாக நினைத்துக்கொள்ளும்! பேய் பிடித்த வண்டி என்று சொல்லப்பட்ட ஒன்றிரண்டை நான் பார்த்திருக்கிறேன். பேயை ஓட்ட ஒரு உப்புத்தாளும் ஸ்பேனரும் போதுமாக இருந்தது. சென்சாரின் கிரவுண்டைத் தனி ஒயராகக் கன்ட்ரோலருக்கே கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தேய்மானமே வேண்டாம் என்றால் ஹால் சென்சார். 1879-ல் எட்வின் ஹால் மெல்லிய தங்கத் தகட்டில் கண்டுபிடித்தது: மின்னோட்டம் போகும் தகட்டுக்குக் குறுக்கே காந்தப்புலம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு சின்ன வோல்ட் தோன்றும். பெடலோடு ஒரு காந்தம் திரும்புகிறது, எதுவும் எதையும் தொடுவதில்லை. மோட்டார் கேபிளை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். 300 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கேபிள் 2 சென்டிமீட்டர் தூரத்தில் 3 மில்லி டெஸ்லா தரும். பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 60 மடங்கு அது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்றைய தொழிற்சாலைக் கார்களின் பெடலில் ஒரு சென்சார் இல்லை, இரண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று உதவும் என்பதற்காக அல்ல, ஒன்றின் பொய்யை மற்றது காட்டிக்கொடுப்பதற்காக. அப்படியானால் இரண்டும் ஒரே வோல்ட்டைச் சொன்னால் போதுமே? போதாது. பெடலை மிதித்தபடி இருக்கும்போது இரண்டு சிக்னல் ஒயர்களும் உரசி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என்ன ஆனாலும் இரண்டும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். கன்ட்ரோலர் ‘சாட்சிகள் ஒத்துப்போகிறார்கள்’ என்று நம்பிவிடும்.

அதனால்தான் ஒரு சென்சார் 0.8 முதல் 4 வோல்ட் வரை ஏறினால், மற்றது 0.4 முதல் 2 வரை ஏறும்படி வைக்கிறார்கள். முதலாவது எப்போதும் இரண்டாவதைப்போல் இரு மடங்கு. பாதி பெடலில் 2.4, 1.2. ஒயர்கள் ஒட்டிக்கொண்டால் இரண்டும் நடுவில் எங்கோ, 1.8 என்று வையுங்கள், வந்து நிற்கும். 1.8 என்பது 1.8-ன் இரு மடங்கா? பொய் அம்பலம். ஒரு எண் அதன் இரு மடங்குக்குச் சமமாக இருக்கக்கூடிய ஒரே இடம் பூஜ்யம். இரண்டு சென்சாருமே பூஜ்யத்தில் தொடங்காததற்கு இதுவும் ஒரு காரணம்! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று பெடலை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

கிரவுண்ட் 0.3 வோல்ட் எழும்பினாலும் இரு மடங்குக் கணக்கு உடையும்: பாதி பெடலில் ஏறக்குறைய 2.56, 1.43. ஆனால் இரண்டுக்கும் 5 வோல்ட் ஒரே ஒயரில் வந்து, அது 4.5 ஆகக் குறைந்தால், இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கும், கணக்கு உடையாது. இரண்டு சாட்சிகளும் கூடிப்பேசிச் சொல்லும் ஒரே பொய் இது. நல்ல பெடல்களில் ஆறு ஒயர் இருப்பது இதற்குத்தான்: ஒவ்வொரு சென்சாருக்கும் தனி 5 வோல்ட், தனி கிரவுண்ட். கல்லூரி மாணவர்கள் கட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் பந்தயக் கார்களில், இரண்டுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் 100 மில்லி வினாடிக்கு மேல் நீடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும் என்பது விதி. வீட்டில் மாற்றும் காருக்கும் நான் இதைத்தான் அளவாக வைப்பேன்.

வாசகரின் கன்ட்ரோலர் இரண்டு சிக்னலை வாங்கும் வகை என்றால், பழைய கார்களிலிருந்து கழற்றிய ஆறு ஒயர் பெடல் ஒன்றைப் போட்டுவிடலாம். முறுக்கிய, உறையிட்ட கேபிள். உறை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட். கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட 1 கிலோ ஓம் மின்தடை, 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். கன்ட்ரோலரின் 10 கிலோ ஹெர்ட்ஸ் இரைச்சல் அறுபதில் ஒரு பங்காகக் குறையும், காலுக்குத் தாமதம் தெரியாது.

மாட்டியபின் மோட்டாருக்கான மெயின் கான்டாக்டரை (பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) அணைத்துவிட்டு, கன்ட்ரோலர் திரையில் த்ராட்டில் சதவீதத்தை, அதாவது பெடல் எவ்வளவு அழுந்தியதாக அது நினைக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே, பெடலைப் பாதி அழுத்திப் பிடித்து, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஒவ்வொரு முறையும் எண் பூஜ்யத்துக்கு விழ வேண்டும், அல்லது கோளாறு விளக்கு எரிய வேண்டும். சக்கரத்தைத் தூக்கி வைத்து மோட்டாரை ஓடவிட்டு இதைச் செய்கிறவர்கள் உண்டு. சீரீஸ் டிசி மோட்டார் (உள்ளே சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த வகை) போட்ட காரில் அது கூடவே கூடாது. சுமையில்லாமல் முழு வோல்ட் கிடைத்தால் அந்த மோட்டார் வேகம் ஏறிக்கொண்டே போய்ச் சிதறிவிடும்.