கப்பலில் யாரும் பாடவில்லையாம்

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளி நூலகத்தைப் பத்து வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே எந்த வகுப்பிலும் சிலோனிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு புலம்பெயர்வுக் கதை வாசித்ததில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று கப்பலேறி இந்தியா வரும் கதையை வாசித்தேன். நன்றாகத்தான் போனது. முடித்த கையோடு, "யார் வீட்டில் இப்படி வந்தார்கள்? எழுந்து சொல்லுங்கள்" என்றேன். ஒருவரும் எழவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் ஒரு பிள்ளையைக் காட்டி, "டீச்சர், இவ சிலோன்காரி" என்றான். வகுப்பே சிரித்தது. அப்புறம் இரண்டு மாதம் அவள் நூலகப் பக்கமே வரவில்லை. கதை கேட்கிற பிள்ளை கதையில் வருகிறவர்களுக்குப் பின்னால் நின்று தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த மறைவை நான்தான் பிடுங்கிவிட்டேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. 'வீட்டில் கேட்டு எழுதி வா' என்று வீட்டுப்பாடமும் கொடுப்பதில்லை.

அடுத்தது, கதையைத் தேர்ந்தெடுப்பது. இளையோருக்கென்று எழுதும்போது பலர் கஷ்டத்தை வைத்துக்கொண்டு காரணத்தை எடுத்துவிடுகிறார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) ஒற்றை அறை, மழை, அட்டைக்கடி, பசி. சரி, குடும்பம் ஏன் கிளம்பியது? பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதலில் கேட்பது அதைத்தான். 1948-இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்கிறார்கள். கோலிக்குண்டு பங்கு பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியாதா? ஏழு பேர் இந்தியா போனால் நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்ற கணக்கைப் பலகையில் எழுதினேன். "அப்போ ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு நாடா டீச்சர்?" என்றான் ஒருவன். அதுதான் நடந்தது. அப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருப்பார், கல்யாணமான மகன் இலங்கைக்கு எழுதியிருப்பான். கப்பலேற இலங்கைக் கரையிலிருக்கும் தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிப்போன ரயிலை, தோட்டங்கள் இருக்கும் இலங்கை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள்.

தகவலையும் சரிபாருங்கள். தெரிந்தவர் ஒருவர் எழுதிய கதையில், 1970-இல் ஒரு குடும்பம் தனுஷ்கோடியில் வந்து இறங்கியது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயலே கொண்டுபோய்விட்டது! தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் இறங்கியது ராமேஸ்வரத்தில். அங்கிருந்து, வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம்.

கப்பல் கரை சேர்ந்ததும் சுபமாக முடிகிற கதைகளை நான் எடுப்பதில்லை. கஷ்டத்தின் இரண்டாவது பாகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகளில் வியாபாரக் கடனைக் கொடுத்துச் சமவெளிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? பலர் பணத்தையும் இழந்து, தெரிந்த வேலையைத் தேடி நீலகிரிக்கு ஏறினார்கள். இவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு போட்ட தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. பிள்ளைகள் தினமும் பார்க்கிற பெயர்ப்பலகை அது. கதையில் அந்தப் பெயர் வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அன்று வகுப்பே பார்த்துச் சிரித்த அந்தப் பிள்ளை ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் தனியாக வந்தாள். பிளாஸ்டிக் உறையில் அம்மாயி வீட்டார் கப்பலேறி வந்த காலத்துப் பழைய குடும்ப அட்டை. "அம்மாயிக்கு ஒரு அக்கா இருந்தாங்களாம். இதுல அவங்க பேர் ஏன் இல்ல டீச்சர்?" அக்காவுக்கு அப்போதே கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். புருஷன் வீட்டார் இலங்கைக்கு எழுதிக்கொடுத்திருப்பார்கள் என்று சொல்லி, ஏழு நாலு கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். போகும்போது அந்தக் கதைப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு வாரத்தில் திருப்பித் தந்தாள். அம்மாயிக்கு வாசித்துக் காட்டினாளாம், கப்பல் அத்தியாயம் தப்பாம். "யாரும் பாட்டெல்லாம் பாடலையாம் டீச்சர். கரை வர்றவரைக்கும் எல்லாரும் வாந்திதானாம்."