தடைக்காலத்தில் பதிந்த ரேகை

பழைய வண்ணாரப்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காசிமேடு பக்கம் என்பதால் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் நிறைய வருவார்கள். ஜூன் கடைசியில் அவர்களிடமிருந்து ஒரே புகார்தான்: “பிங்கர் எடுக்க மாட்டேங்குது.”

போனில் கோளாறு இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது நிதானமாக உட்கார்ந்து ரேகை பதிந்திருப்பார்கள். கடலுக்குப் போக ஆரம்பித்ததும் கயிறும் ஐஸும் உப்புத் தண்ணீரும் விரல் நுனியைத் தேய்த்துவிடும். போனுக்குள் இருப்பது தடைக்காலத்து விரல், நீட்டுவது வேலைக்காலத்து விரல். பழையதை அழித்துவிட்டு இப்போதிருக்கிற விரலையே இரண்டு தடவை பதியுங்கள். அதிகம் தேயாத இடது கை விரல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனுக்கு அடியில் சென்சார் இருந்தால், புது டெம்பர் கிளாஸ் ஒட்டிய பிறகும் மறுபடி பதிந்துவிடுவது நல்லது.

இதெல்லாம் சின்ன விஷயம். போன மாதம் மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்தார். சார்ஜ் தீர்ந்து அணைந்த போனை மறுபடி ஆன் செய்திருக்கிறார், நம்பர் கேட்கிறது. “இன்னா தம்பி, என் போனுக்கே என் விரல் தெரியலன்னுது?” பின் நம்பரை வைத்தது மகன். நடுவில் கேட்டபோதெல்லாம் அவரே போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போது அவர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார், நடுக்கடலில் சிக்னல் இல்லை. யார் யார் எவ்வளவு பாக்கி என்று எழுதிய நோட்டுப் பக்கங்களின் போட்டோ முழுக்க அந்தப் போனில்.

“நீ தொறந்து குடுக்க முடியாதா?”

முடியாது. ரீஸ்டார்ட் ஆனதும் ஆண்ட்ராய்டும் சரி, ஐபோனும் சரி, கட்டாயம் பின் கேட்கும். உள்ளே இருக்கும் தகவலைப் பூட்டியிருக்கும் சாவி அந்த நம்பரோடு பின்னப்பட்டது. ஒரு தடவை நம்பர் போட்ட பிறகுதான் விரலுக்கு மதிப்பு. என்னால் மொத்தமாக அழிக்க முடியும், அவ்வளவுதான். பதினோரு நாள் கழித்துக் கப்பல் கரை தொட்டதும் மகனிடமிருந்து நம்பர் வந்தது.

நான் ரேகைக்கு எதிரி இல்லை. மின்ட்டில் பஸ் ஏறும் நெரிசலில் நம்பரைத் தட்டினால் பின்னால் நிற்பவர் பார்த்துக்கொள்வார். அங்கே விரல்தான் பாதுகாப்பு. ரேகை படமாக எங்கோ போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அது கணக்குக் குறிப்பாக மாறி, போனிலேயே தனியாகப் பூட்டிய பகுதியில் இருக்கும். ஆனால் ரேகை இருக்கிறதே என்று பின் நம்பராக 1234 வைக்கிறார்களே, அவர்கள் போனைத் திறக்கத் திருடனுக்கு விரல் எதற்கு?

பேஸ் லாக் போனுக்குப் போன் வேறு. 2017ல் ஐபோனில் வந்த பேஸ் ஐடி, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட புள்ளிகளை வீசி முகத்தின் மேடு பள்ளத்தை அளக்கிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் முன் கேமரா எடுக்கும் வெறும் படம்தான். அண்ணன் போனைத் தம்பி முகம் காட்டித் திறந்ததை என் கடைக் கவுண்டரிலேயே பார்த்திருக்கிறேன். விரலை ஏற்கும் பேங்க் ஆப் அந்த மாதிரி முகத்தை ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

அப்புறம், செட்டிங்ஸில் எத்தனை ரேகை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கேம் விளையாட பேரன் பதிந்தது, கடையில் முன்பு வேலை பார்த்த பையன் பதிந்தது என்று ஏதாவது கிடைக்கும். போன் திறந்துவிட்டால் யுபிஐ லைட்டில் பின் போடாமலே ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை அனுப்பலாம், மறக்க வேண்டாம்.

எங்கள் தொழிலின் குறையையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் சீட்டில் பின் நம்பர் எழுத ஒரு கட்டம் இருக்கும், அந்தச் சீட்டு நாள் முழுக்க மேஜையில் கிடக்கும். சாம்சங்கில் மெயின்டெனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் இருக்கின்றன. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் போட்டோ, மெசேஜ் எதுவும் எங்களுக்குத் தெரியாது. மற்றப் போன் என்றால் டெஸ்ட் செய்யும்போது நீங்களே வந்து நம்பர் போடுங்கள். நான் அச்சடித்த புதுச் சீட்டில் அந்தக் கட்டம் இல்லை. பழைய புத்தகம் இரண்டு மிச்சம் இருக்கிறது, ஆள் வராத மத்தியானத்தில் உட்கார்ந்து பேனாவால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.