ஒளியிழை: ‘ஆப்டிக்கல் ஃபைபர்’ என்பதற்கு உரிய தமிழ்ச்சொல்

கடற்கரை ஊர்களில் ‘ஃபைபர்’ என்றால் படகு. ஊராட்சி அலுவலகத்தில் ‘ஃபைபர்’ என்றால் இணையம். இரண்டுக்கும் மூலப்பொருள் கண்ணாடியை உருக்கி இழுத்த இழைதான் என்றாலும், ஒன்று பிசினோடு சேர்ந்து கடலலையின் அடியைத் தாங்குகிறது, மற்றொன்று ஒளியைச் சுமந்து செல்கிறது. நாளிதழ்கள் இரண்டையுமே ‘கண்ணாடி இழை’ என்று எழுதுகின்றன. ஒரு சொல் இரு பொருளுக்கு நிற்பது தமிழுக்குப் புதிதன்று. ஆனால், கலைச்சொல் என்று வந்துவிட்டால் அந்த நெகிழ்வு குறையாகிவிடுகிறது.

‘ஃபைபர்’ என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘ஃபிப்ரா’. மெல்லிய இழையைக் குறித்த அச்சொல், பலியிட்ட விலங்கின் ஈரல் மடலைப் பார்த்துக் குறி சொன்ன உரோமானியரிடம் அவ்வுறுப்புக்கும் பெயராக வழங்கியது. ‘ஆப்டிக்’ கிரேக்க மொழியில் பார்வை தொடர்பானது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் சேர்த்து ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’ என்று ஒரு துறைப் பெயராகப் பரப்பியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த இயற்பியலாளர் நரிந்தர் சிங் கபானி. ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் 1960இல் அவர் எழுதிய கட்டுரை அதற்கு வழி செய்தது. அப்போது அந்த இழைகள் உடலின் உட்பகுதிகளைக் காணும் கருவிகளுக்குப் பயன்பட்டன என்பதால், பார்வையைக் குறிக்கும் வேர்ச்சொல் பொருத்தமாகவே இருந்தது.

தொலைத்தொடர்புக்கு வந்தபோது அந்தப் பொருத்தம் போய்விட்டது. சார்ல்ஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் என்ற இரு ஆய்வாளர்கள் 1966இல், கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கி ஒளியிழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் கீழே கொண்டுவந்தால், அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்தபின் புகுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்காவது எஞ்சினால், இழைவழித் தொடர்பு கைகூடும் என்று காட்டினார்கள். 1970இல் அமெரிக்கக் கண்ணாடி நிறுவனமான கார்னிங் இழப்பை அந்த எல்லைக்குக் கீழே இறக்கிக் காட்டியது. இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் மட்டுமே. அந்த நூற்றில் ஒரு பங்கு இப்போது நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் எஞ்சுகிறது. இத்தனை தூரம் ஓடுவது 1550 நானோமீட்டர் அலைநீளத்து அகச்சிவப்பு ஒளி. அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, பார்வையைச் சுட்டும் கிரேக்க வேரைப் பின்பற்றித் தமிழில் சொல்லாக்கம் செய்திருந்தால் பிழையாகியிருக்கும். ‘ஒளி’ என்று நாம் எடுத்துக்கொண்டது மூலத்தைவிடச் சரியானது என்றே சொல்வேன்.

இனி ஃபைபருக்கு வருவோம். ‘ஒளிநார்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். நார் என்பது வாழைமட்டையிலிருந்து கிழித்தெடுப்பது, பூத் தொடுக்க உதவுவது, துண்டு துண்டானது. சங்கத் தமிழில் நார் என்பதற்கு அன்பு என்ற பொருளும் உண்டு. இழையைக் குறித்த ஃபிப்ரா ஈரலுக்கும், நார் அன்புக்கும் பெயரானது வியப்பான ஒற்றுமைதான்; ஆனால் சொல்லாக்கத்துக்கு அது உதவாது. இழையோ நுண்மையும் தொடர்ச்சியும் உடையது. ‘இழை மருங்கு அறியா நுழைநூற் கலிங்கம்’ என்கிறது மலைபடுகடாம்: இழை ஓடும் இடம் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணிய நூலால் நெய்த ஆடை. ஏறத்தாழ இரண்டாயிரம் டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இளகும் கண்ணாடித் தண்டிலிருந்து முறியாமல் இழுக்கப்படும் 125 மைக்ரான் விட்டமுள்ள பொருளுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது. தவிர, ‘இழையோடுதல்’ என்ற வினையும் நமக்கு ஆயத்தமாக இருக்கிறது. இழையின் நடுப்பகுதியான உள்ளகத்தை அதைவிட ஒளிவிலகல் எண் குறைந்த உறை சூழ்ந்திருப்பதால், ஒளி எல்லையில் பட்டு முழுவதும் உள்ளேயே எதிரொளித்து முன்னேறுவதை ‘இழையோடுகிறது’ என்று தயங்காமல் எழுதலாம்.

‘கண்ணாடி இழை’ மூலப்பொருளால் வந்த பெயர். ‘ஒளியிழை’ அது செய்யும் தொழிலால் வந்த பெயர். குறுந்தொலைவுப் பயன்பாட்டுக்கு நெகிழியிலும் ஒளியிழை உண்டு. அதைக் கண்ணாடி இழை என்று அழைக்க வழியில்லை. ஆயினும் ஆட்சிமொழி முந்திய சொல்லையே தேர்ந்திருக்கிறது: 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணியை ஏற்ற மாநில அரசு நிறுவனத்தின் பெயர் ‘தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம்’. பெயர்ப் பலகையை மாற்றச் சொல்வது வீண்வேலை. பாடநூலிலும் கட்டுரையிலும் ஒளியிழை என்று எழுதுவதற்குத் தடையில்லை.

சொல் தெளிவாக இருந்தால் திட்டத்தையும் தெளிவாகப் பேச முடியும். இந்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்த தேசிய ஒளியிழை வலையமைப்பு, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. வட்டாரத் தலைமையிடம் வரை பொதுத்துறை நிறுவனங்கள் ஏற்கெனவே வடம் பதித்திருந்தமையால், அங்கிருந்து சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகள் வரை எஞ்சிய தூரத்தை நிரப்புவதே நோக்கம். இங்கே ‘கேபிள்’ என்பதற்கு வடம் என்ற சொல்லே போதும். பல இழைகள் சேர்ந்தது வடம் என்பது தேர் இழுத்தவருக்கெல்லாம் தெரியும். நேர்கோடாகப் பதித்த வடம் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் அனைத்தும் துண்டிக்கப்படும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் வளைய அமைப்பை வலியுறுத்துவதற்குக் காரணம் அதுவே: ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாக ஒளி வந்து சேரும். அறுந்த இழையை உருக்கி ஒட்டுவதைக் களப்பணியாளர்கள் ‘ஸ்ப்ளைசிங்’ என்கிறார்கள். பாவு பிணைக்கும் நெசவாளரின் ‘பிணைத்தல்’ அதற்கு அப்படியே பொருந்தும்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. பதித்தும் கருவி பொருத்தாமல் கிடக்கும் இழையை ஆங்கிலத்தார் ‘டார்க் ஃபைபர்’ என்பார்கள். இதை இருண்ட இழை என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட ‘ஒளியேற்றா இழை’ என்பது நல்லது, ஏனெனில் இருள் இழையின் இயல்பன்று, யாரோ செய்யாமல் விட்ட வேலை. அரசின் கணக்கில் ஊராட்சிகள் ‘சேவைக்கு ஆயத்தம்’ என்ற தலைப்பின்கீழ் எண்ணப்படுகின்றன. ஆயத்தமான ஊரில் இணைப்பு பெற்ற வீடு இருக்கிறதா என்பதை அத்தலைப்பு சொல்வதில்லை. வடம் வந்த ஊர், ஒளியேற்றிய ஊர், வீடுகள் இணைந்த ஊர் என்று மூன்றையும் தனித்தனியே எண்ணிக் காட்டும் அட்டவணைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை.